நான்கு திருகாணிகள்

வினிபெக், செல்கெர்க் அவென்யூ.
மே மாத நீண்ட வார இறுதி.
ஒரு கராஜின் வடக்குச் சுவரோடு
கடைசிப் பனிக்குவியல் கறுத்துக் கிடந்தது.
மடக்குமேசையில் வாஃபிள் சட்டி, ஒற்றை ஸ்கேட்,
நடுவே ஒரு பெட்டி. சூட்கேஸ் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு கொக்கிகள். டக், டக்.
மூடி கழன்றதும் உள்ளே உட்கார்ந்திருந்தது
மழையில் நனைந்த புறாவின் நிறத்தில்,
சுத்தியலால் ஆயிரம் தரம் மெல்லத் தட்டியது போல்
சுருக்கம் விட்ட பெயின்ட்டோடு
ஒரு புரொஜெக்டர்.
விளக்கறையின் விலாவில் செவுள்கள்,
ஏழு கீற்று, மேலே போகப் போகச் சிறுத்து.
சூடு வெளியேற ஐந்து போதும்.
மற்ற இரண்டும் யாரோ ஒருவர்
மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் வரைந்தவை.
எனக்குத் தெரியும். என் தொழில் அது.

மாத்திரை எண்ணிக் கொடுக்கும் இயந்திரத்துக்கு
மேலோடு வரைகிறேன், ஒன்பது வருடமாக.
வெள்ளை. மூலைகள் வழுக்க வேண்டும்.
திருகாணி ஒன்றும் கண்ணில் படக்கூடாது.
உள்ளே என்ன நடக்கிறதென்று
விழுங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

இதுவோ எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.
மேல் கையை இழுத்தால் வெட்டுக்கிளியின் முழங்கால்.
முன்முகத்தில் பித்தளைத் திருகாணி நான்கு,
நாலின் பிளவும் ஒரே திசை பார்க்க
முறுக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.
ஒரு குமிழ்: முன், பின், நில்.
'நில்' மட்டும் சிவப்பு,
அதிகம் நின்றால் சுருள் கருகும் என்பதால்.
மூடியின் உட்புறம்
சுருள் போகும் வழி வெள்ளைக் கோட்டில்:
மேலிருந்து வந்து, பற்சில்லைச் சுற்றி,
ஒரு தொளதொள வளைவு, வாயிலில் இறக்கம்,
இன்னொரு வளைவு.
கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஓர் 'ஐ'.
ஐ என்றால் வியப்பு,
பலூனைக் கண்ட பிள்ளை சொல்வது.
நானும் சொன்னேன், வாய்விட்டு.

ஓடுமா என்று கேட்டேன்.
விற்ற பையன், டராஸ், தாடியைச் சொறிந்தான்.
மாமாவுடையது, தெரியாது, பார்க்க நல்லா இருக்கு என்றான்.
இருபது கேட்டான். பதினைந்துக்குக் குறைத்தேன்.
அந்த ஐந்து டாலர் இன்னும் உறுத்துகிறது.
அது ஏழாவது கீற்றின் விலை.

கேதாரன் பஸ் டிப்போவில் மெக்கானிக்.
அழகு என்றால் அவனுக்கு ஓடுவது.
பல்ப் போயிருந்தது. புதியது எண்பத்தைந்து டாலர்.
பெல்ட் இற்றுப் பசையாகியிருந்தது;
மிதுஷாவின் தலைமுடி வளையம் ஒன்றை மாட்டினான்.
மோட்டார் இருமியது, பிறகு
தையல் மெஷினும் மழையும் சேர்ந்த சத்தம்.
சரி, படம்?
எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும்
எதையும் எட்டு மில்லிமீட்டரில் பிடித்ததில்லை.

ஒன்பதரைக்குத்தான் இருட்டியது.
மிதுஷா விளக்கறைக்குள் போன் டார்ச்சைப் பிடித்தாள்.
ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில்
மூலை மழுங்கிய ஒரு வெளிச்சக் கட்டம் நடுங்கியது.
அதன் மேல் விளிம்பிலிருந்து
ஒரு மயிர்.
வாயிலில் சிக்கிய ஒரே மயிர்
புடலங்கொடியின் பற்றுச்சுருள் அளவு பெருத்து
ஷட்டர் அடிக்க அடிக்க ஆடியது.

மாமாவுடையதோ, நாயுடையதோ.
அவர்கள் பார்த்த படங்களிலும்,
பிறந்தநாள் கேக்குக்கும் ஏரிக்கும் மேலே
அதுவும் ஆடியிருக்கும்.
கேதாரன் தூரிகை எடுத்து வந்தான்.
அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.
நில் என்றேன், சிவப்பில்.

செவ்வாய்க்கிழமை
மாத்திரை இயந்திரத்தின் முன்முகத்தில்
திருகாணி ஒன்று வரைந்தேன், பிளவு நேர் நிமிர்ந்து.
மேலாளர் டார்லீன் வந்து பார்த்தாள்:
இது எதைப் பிடித்திருக்கிறது?
ஒன்றையும் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.
அவள் மொழியில் இரண்டும் வேறு வேறு சொல்.
அழித்துவிட்டேன்.
அது பிடிக்க ஒன்றைத் தேடி வைத்துவிட்டு
மறுபடி வரைவேன்.