வாஷர்

ருஸ்தாவி கார்ச் சந்தைக்குப் பின்னால்
மூன்றாவது ஷெட்டில்
இன்று காலை ஒரு கம்பளிப் பேட்
மிஷினிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து
நுக்ஸாரின் தேநீரில் விழுந்தது.
அவன் கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"சர்க்கரை போதும், நாத்தேலா" என்றான்.

பேட்டின் மேல் குற்றமில்லை.
அதைப் பிடித்திருந்த பிளேட்டின் முகத்தில்
வெல்க்ரோ கொக்கிகள் ஓரமெங்கும் உருகி
மழித்த தாடைபோல் வழுவழுத்திருந்தன.
சூடு. நான் கொடுத்த சூடு.
நேற்று கோபத்தில் அழுத்தித் தேய்த்தேன்.
யார்மேல் கோபம் என்பது இங்கே வேண்டாம்.

கழற்ற வேண்டும்.
தலைக்குப் பின்னாலுள்ள பொத்தானை அழுத்தி
அச்சு 'டக்'கென்று உட்காரும்வரை உருட்டி
எதிர்ப்பக்கம் ஒரு முறுக்கு. அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று டப்பாவில் படம் போட்டிருக்கிறது.
ஆனால் சுற்றச் சுற்ற மரை இறுகும்படிதான்
இதைச் செய்திருக்கிறார்கள்.
இரண்டு வருடம், எழுநூறு கதவுகள்,
நாளுக்கொரு மயிரிழை.
மரை கழன்றால் பைத்தியம் என்கிறார்கள்;
கழலாத மரை என்ன செய்யும் என்று
என்னைக் கேளுங்கள்.

நுக்ஸார் சுத்தியல் எடுத்து வந்தான்.
வைத்துவிடு என்றேன்.
வைத்தான். சிகரெட் எடுத்தான்.
அதையும் என்றேன், தின்னர் டின்னைக் காட்டி.

பழைய டயர் ட்யூபை வெட்டிப் பிளேட்டில் சுற்றி
மிஷினை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி
மூச்சைப் பிடித்துத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு எல்லாம் ஒரே நொடியில்:
விரல்முட்டி மேசை விளிம்பில் மோதித் தோல் உரிந்தது,
பிளேட் லேசாக, அப்பம்போல, கையோடு வந்தது.
அதைக் குப்பைக் கூடையில் எறிந்தபோது
இன்பமாக இருந்தது. மறைக்கவில்லை.

புதியது மூன்று அங்குலம்,
கைப்பிடிக் குழிக்குள் நுழையக்கூடியது.
மாட்டினேன். சுவிட்சைத் தட்டினேன்.
நான்காவது கொம்பு ஒயினுக்குப் பிறகு
பேச எழுந்த சம்பந்தியைப் போல ஆடியது தலை.

"மலிவுச் சரக்கு" என்றான் நுக்ஸார்.
இல்லை. அச்சின் அடியில் ஓர் இடைவெளி,
நகக்கண் கனம்.
ஒரு தெத்ரி பெறாத வளையம்
பழைய பிளேட்டின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது,
இத்தனை நாள் இறுக்கத்தில்
தான் எந்தப் பக்கம் என்பதே மறந்து.

கூடையைக் கவிழ்த்தோம்.
மாஸ்கிங் டேப், சூரியகாந்தி விதைத் தொலி,
நேற்றைய பாலாடைக்கட்டி ரொட்டியின் எண்ணெய்த்தாள்,
ஒரு வாரமாக நான் தேடிய மின்கட்டண ரசீது,
அடியில் பிளேட்.
கத்தி நுனியால் நெம்பும்போது எல்மான் போன் செய்தான்.
அக்தாவிலிருந்து வருகிறவர்
நாலு மணிக்கு இல்லையாம், இரண்டுக்கே.

கறுப்பு செடான்.
அமெரிக்காவில் எங்கோ இடிபட்டு
போத்தி துறைமுகத்தில் இறங்கியது.
டிரைவர் கதவில், கைப்பிடிக்குக் கீழே
யாரோ சாவியால் ஒரு சொல் கீறியிருக்கிறார்கள்.
நுக்ஸார் அது பெயர் என்கிறான்.
எனக்கு வசவாகப் படுகிறது.
பெயரை இவ்வளவு ஆழமாக யார் எழுதுவார்?
அல்லது எழுதுவார்களோ.

வாஷர், அதன்மேல் பிளேட், அதன்மேல் பேட்.
பட்டாணி அளவில் நான்கு சொட்டு காம்பவுண்ட்.
ஆடவில்லை.
இம்முறை மிஷினின் எடையை மட்டும் தந்தேன்,
என்னுடையதைத் தரவில்லை.
வளைந்த எழுத்துகள் முதலில் போயின.
நேர்கோடு ஒன்று நின்றது,
விளக்கைச் சாய்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி.

"இன்னும் கொஞ்சம்."
வேண்டாம். அதற்குக் கீழே நிறம்தான்.

கையைத் துடைத்துவிட்டு ரசீதை விரித்தேன்.
கடைசித் தேதி நேற்று.