மூன்றாம் கட்டில், இரண்டாம் பாதி

டோர்ட்முண்டில் இந்தச் சட்டைக்கு
யாரும் விளக்கம் கேட்பதில்லை.
மஞ்சளில் கறுப்புக் கோடு.
ரயிலில் கட்டைவிரல் உயர்த்துகிறார்கள்,
ரொட்டிக்கடைக்காரி ஒரு பன் கூடுதலாகப் போடுகிறாள்.
உள்ளூர்க் கழகத்தின் ரசிகை என்று நினைப்பு.
கிள்ளான் பாசார் மாலாமில்
பதினெட்டு வெள்ளிக்குப் பேரம் பேசியது,
இரண்டாம் சலவையிலேயே
நெஞ்சிலிருந்த புலிக்கு மீசை போய்விட்டது
என்று நானும் சொல்வதில்லை.

பிலார்ஸ்கி மட்டும் கண்டுபிடித்தார்.
டிராம் ஓட்டியவர், நாற்பத்தொன்று,
செவ்வாய், வியாழன், சனி என் மூன்றாம் கட்டில்.
நான்கு மணி நேரம் அவர் இரத்தம்
குழாய் வழி வெளியே போய்க்
கழுவிக்கொண்டு வீடு திரும்பும்.
"இது எங்கள் மஞ்சள் இல்லையே,
எந்த ஊர்ப் பூனை?"

அங்கே இரவு ஒன்பது, இங்கே மதியம் இரண்டு.
கைப்பேசியை அவர் தலையணைமேல் சாய்த்து வைத்தேன்.
மலேசியா, வியட்நாம். வழக்கம்போல்
பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் தேடினேன்.
இருந்தது, மாற்று ஆட்டக்காரர் வரிசையில்,
தொண்ணூறு நிமிடமும் ஜாக்கெட்டைக் கழற்றாமல்.

போன மாதம் பெர்லினில்
கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
அதுவும் சிவப்பு, புதியதும் சிவப்பு.
மேசைக்குப் பின்னாலிருந்த பெண்
மூலையைக் கத்தரித்தபோது
"சாப்பிட்டாச்சா" என்று மலாயில் கேட்டாள்.
இனி இவர்கள் தோற்றால்
தோற்பது யார்?
பிலார்ஸ்கியிடம் கேட்கவில்லை.
அவராகச் சொன்னார்: அப்பா கிளிவித்சேக்காரர்,
போலந்து ஆடும் நாளில்
சமையலறைச் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் கத்துவார்.
பிறகு, "ஆஃப்சைட், ஆஃப்சைட்,
உன் நடுவருக்குக் கண் இல்லை" என்றார்.

அறுபத்தெட்டாம் நிமிடம்.
இடப்பக்கமிருந்து பந்து வருகிறது,
மலாய் வர்ணனையாளரின் குரல் மேலே ஏறுகிறது,
ஊசி குத்திய கையை மறந்து
பிலார்ஸ்கி அந்தக் கையையே தூக்கினார்.
இயந்திரம் அலறியது.
நான் திரும்பினேன், குழாயைப் பார்த்தேன்,
அழுத்தம் பார்த்தேன், பட்டனைத் தட்டினேன்.
நிமிர்ந்தபோது ஒன்றுக்கு ஒன்று.

அந்தக் கோலை நான் பார்க்கவில்லை.
அவர் சொல்லித்தான் தெரியும்:
குட்டையானவன் ஒருவன்,
தலையாலா தோளாலா தெரியவில்லை,
விழுந்துகொண்டே தட்டினான்,
பந்துக்கே வெட்கமாக இருந்திருக்கும்,
ஆனாலும் உள்ளே போனது.
மறு ஒளிபரப்புக்குள் இணையம் சுற்றத் தொடங்கிவிட்டது.

கூடுதல் நேரத்தில் தோற்றோம்.
"தோற்றோம்" என்றது அவர்தான்.

ஊசி எடுத்து, பஞ்சு அழுத்தி,
எடை பார்த்தேன்.
இரண்டு கிலோ நூறு குறைவு.
அடுத்த ஆட்டம் வியாழனா என்றார்.
வியாழன்தான், எனக்கு விடுமுறை.
சட்டையை மட்டும் அனுப்பட்டுமா என்றேன்.
காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்,
பதில் இல்லை.

பதிவேட்டில் 'எச்சரிக்கை மணி: காரணம்' என்றொரு கட்டம்.
கோல் என்று எழுதி, அடித்துவிட்டு,
கை அசைவு என்று எழுதினேன்.
அடித்தது தெளிவாகவே தெரிகிறது.