ஒன்றரைச் சதுர மீட்டர்

அளவு நாடாவோடு வந்தாள் நொம்வூலா.
கழுத்தில் சமூக நலத்துறை அட்டை,
செருப்பில் க்ராஸ்மூர்ச் சரிவின் செம்மண்.
சுவரோரம் குந்தி
நாடாவின் நுனியை என்னிடம் நீட்டினாள்.
"பிடியுங்கள் ஆண்ட்டி."
பிடித்தேன்.

ஒரு பிள்ளைக்கு ஒன்றரைச் சதுர மீட்டர்.
சட்டம் அப்படி.
ஓட, உறங்க,
பக்கத்துப் பிள்ளையைக் கடிக்க,
எல்லாவற்றுக்கும் சேர்த்து.

கார் நின்ற இடம் இது.
வேலை போன வருஷம் பூபாலன் அதை விற்றார்.
தரையில் எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை.
அதன்மேல் பாய் விரித்து
ஆறு பிள்ளைகளோடு ஆரம்பித்தேன்.
இன்று முப்பத்தொன்று.
சிலர் மாதம் முந்நூறு ராண்ட், சிலர் நூறு.
ஸிபோங்கிலேயின் அம்மா ஒரு பை மக்காச்சோள மாவு.
டெஷிகாவின் அப்பா "அடுத்த வெள்ளி" என்பார்.
அந்த வெள்ளியை
எந்தக் காலண்டரிலும் இன்னும் அச்சடிக்கவில்லை.

இனி அரசாங்கம் தரும்.
தலைக்கு, நாளொன்றுக்கு, பதினேழு ராண்ட்.
ரொட்டி வாங்கினால் பாலுக்கு இல்லை,
பால் வாங்கினால் ரொட்டிக்கு இல்லை.
ஆனாலும் முப்பத்தொன்றால் பெருக்கினால்?
மின்வெட்டில், மெழுகுவர்த்தி வைத்துப் பெருக்கினேன்.
ஐந்நூற்று இருபத்தேழு.
நம்பாமல் மறுபடி பெருக்கினேன்.
அதேதான்.

நாடா சடாரென்று பெட்டிக்குள் ஓடியது.
"சாமான் நிற்கும் இடம் கழித்து
முப்பத்தொன்பது மீட்டர்," என்றாள்.
"இருபத்தாறு பிள்ளைகள்."
அவளும் என்னைப் பார்க்கவில்லை,
நானும் அவளை.
ஐந்து பேர்
அப்போது தண்ணீர்த் தொட்டியருகே
செருப்பைக் கழற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
எந்த ஐவர் என்று யாருக்குத் தெரியும்?

அன்றிரவு வீட்டை வேறு கண்ணால் பார்த்தேன்.
ஃப்ரீசர் ஒரு பிள்ளை.
சலவை இயந்திரமும் வாடகைக்கு விடும் பிரியாணி அண்டாக்களும்
சேர்ந்து ஒரு பிள்ளை.
என் கல்யாண அலமாரியும்
யாரும் சாப்பிடாத தட்டுகள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியும்
இரண்டு பிள்ளைகள்.
வயிற்றில் இல்லாமல்
வீட்டில் சுமந்திருக்கிறேன் இத்தனை வருஷம்.
அலமாரியைத் தூக்கிப் போனவன் விலை பேசியபோது
அழுகை வரவில்லை. குறைத்துக் கேட்டான்,
கோபம்தான் வந்தது.

பூபாலனின் மேசை, கெட்டில் ரிப்பேர் பார்க்கும் மேசை,
நாற்காலியோடு சரியாக ஒரு பிள்ளை.
"நகர்த்த மாட்டேன்" என்றார்.
"நானும் எங்கேயாவது உட்கார வேண்டும்.
எனக்கு எத்தனை மீட்டர் என்று
உன் நொம்வூலாவைக் கேள்."
கேட்கவில்லை.

முப்பது பேருக்கு அனுமதி வந்தது.
விடுபட்டவள் சிகோண்டி.
மலாவியிலிருந்து அவள் அம்மா கொண்டுவந்த பையில்
பிறப்புச் சான்றிதழ் இல்லை.
யாரை விடுவது என்று நான் யோசிக்க நேரவில்லை,
காகிதமே தீர்மானித்தது.
எனக்கு நிம்மதியாக இருந்தது.
அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது காலையில் கதவருகே நின்று கேட்கிறாள்:
"இன்றைக்கு யார் வரவில்லை?"
பத்துவரை எண்ண வராது அவளுக்கு,
இது வருகிறது.
ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு அம்மை,
டாக்சி ஓடாத நாளில் பாதி வகுப்பு.
யார் பாயாவது அவளுக்குக் கிடைத்துவிடும்.

போன செவ்வாய் முப்பது பேரும் வந்தார்கள்.
நொம்வூலாவும் வந்தாள், சொல்லாமல்.
பதிவேட்டைப் புரட்டினாள், தலைகளை எண்ணினாள்.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

சிகோண்டி பூபாலனின் மேசைமேல் இருந்தாள்.
கால் தொங்கப் போட்டு
திருகாணிகளைப் பெரிசு சின்னதாகப் பிரித்துக்கொண்டு.
கெட்டிலிலிருந்து தலை நிமிராமல்
அவர் சொன்னார்:
"தரையைத்தானே அளப்பீர்கள்."

நொம்வூலா நாடாவை வெளியே எடுக்கவில்லை.
ஒரு திருகாணி உருண்டு விழுந்தது.
குனிந்து எடுத்து
எந்தப் பக்கம் என்று
அந்தப் பிள்ளையைக் கேட்டாள்.