கைமாற்று

காலை ஏழு இருபதுக்கு
என் கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும்.
ஏழு இருபத்தேழுக்கு
அவள் கம்பெனி பஸ் ஷாமளாவை ஏற்றிக்கொள்ளும்.
இடையில் உள்ள ஏழு நிமிடத்தில்தான்
எங்கள் குடும்பம் முழுசாக இருக்கிறது,
ஜெலுத்தோங் பிளாட்டின் கீழே,
மோட்டார்சைக்கிள் வரிசைக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில்.

"ராத்திரி மூணு தடவ எந்திரிச்சா. காய்ச்சல் இல்ல.
ஈரத்துணிய முடிச்சுப் போட்டு பிரிட்ஜ்ல வச்சிருக்கேன், கடிக்கக் கொடு."
சொல்லிக்கொண்டே பிள்ளையைக் கைமாற்றுவாள்.
அவள் தோளில் இருந்த எச்சில் ஈரம்
என் தோளுக்கு வரும், இன்னும் சூடாக.

யுகாவுக்கு எட்டு மாதம்.
பத்து நாளாய் வாய்க்கு எட்டிய எதையும் விடுவதில்லை.
ரிமோட், என் முழங்கை, அம்மாவின் தாலி,
கழுத்தில் தொங்கும் என் கம்பெனி அட்டை.
ஈறால் மென்று மென்று
அட்டையில் எனக்கு மூக்குக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.
கேட்டில் நிற்கும் நேப்பாளிப் பையன் அதைப் பார்த்துச் சிரிப்பான்.
அவனுக்கும் ஊரில் ஒன்று இருக்கிறது,
போனில் மட்டும் பார்த்தது.
பல் எத்தனை என்று அரைகுறை மலாயில் தினமும் கேட்பான்.
சைபர், என்று விரல்களை வளைத்துக் காட்டுவேன்.

பகலில் நான் தூங்குவது துண்டு துண்டாக.
அவள் வீறிட்டால்
பக்கத்து வீட்டு ஊய் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார்.
நான் மூன்று தட்டுவேன்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
எங்கள் இருவருக்குமே தெரியாது.
பதினோராம் மாடி ஜன்னலில் பாலம் தெரியும்.
தூக்கிக்கொண்டு நின்று லாரிகளை எண்ணுவேன்.
நாற்பதைத் தாண்டினால் தேம்பல் அடங்கும்,
சில நாள் நூறைத் தாண்டியும் அடங்காது.

வியாழக்கிழமை, பத்தரை மணி இருக்கும்.
பிளாஸ்டிக் கரண்டியைக் காணவில்லை.
கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்
எவர்சில்வர் கரண்டிதான் இருந்தது. அதிலேயே ஊட்டினேன்.
நாலாவது வாய்க்கு,
டிங்.

கிண்ணத்தில் பட்டது என்று நினைத்தேன்.
கிண்ணம் பிளாஸ்டிக்.

விரலை விட்டுத் தடவினேன்.
கீழ் ஈறில் ஒரு நொய்யரிசி,
வெளியே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
வெடுக்கென்று கடித்தாள்.
இத்தனை நாள் கடித்தது எல்லாம் சும்மா.
இது வலித்தது.

போட்டோ எடுத்தேன். அனுப்பப் போனேன்.
ஷாமளா இப்போது முகமூடி போட்டுக்கொண்டு
மஞ்சள் வெளிச்சத்தில் நிற்பாள், போன் லாக்கரில்.
ஒன்றரை மணிக்கு, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி,
என் விரலுக்கு நடுவே மங்கலாய் ஒரு பல்லைப் பார்ப்பாள்.
முதல் பல்லையுமா அவளுக்குக் கைமாற்றாய்க் கொடுப்பது?
அழித்துவிட்டேன்.

மாலையில் அதே ஏழு நிமிடம், தலைகீழாக.
"கஞ்சி கொஞ்சம் இருக்கு, நீயே ஊட்டு," என்றேன்.
"எவர்சில்வர் கரண்டியில ஊட்டு."
"பிளாஸ்டிக் கரண்டி என்னாச்சு?"
"காணோம்."
"அப்பிடியா," என்றாள்.
உதட்டின் ஒரு ஓரம் மட்டும்
சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பஸ் கடலோரம் திரும்பும்போதுதான் உறைத்தது.
செவ்வாய் ராத்திரி, என் ஓய்வு நாள்,
பால் கொடுக்கையில் இருட்டில் 'ஸ்ஸ்' என்றாள்.
என்ன என்றேன்.
ஒண்ணுமில்ல, படு, என்றாள்.
வீட்டில் கரண்டிகளை எடுத்து வைப்பது
நானும் இல்லை, யுகாவும் இல்லை.

கேட்டில் அட்டையை நீட்டினேன்.
பையன் வழக்கம்போல் கேட்டான்.
ஒரு விரலைக் காட்டினேன்.
அவன் 'ஹோ' என்று கத்தியதில்
பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

யார் முதலில் பார்த்தது என்று அவன் கேட்கவில்லை.
நல்ல வேளை.