அயல் நிலப் பயன்பாடு

வழுக்கியாற்றுக்கு
வருசத்தில் மூன்று மாதம்தான் உத்தியோகம்.
மற்ற நாளெல்லாம் மாடு கட்டுகிற தரை,
பெடியள் பந்தடிக்கிற வெளி.
கார்த்திகை மழை விட்ட நாலாம் நாள்
எட்டுப் போத்தல், ஒரு றெஜிபோம் பெட்டி,
மழைக்கோட்டுக்குள் நான்.

எடுக்கப்போகிற தண்ணீராலேயே
மூன்று தரம் அலசி ஊற்றவேண்டும்.
நாலாந்தரம் நிரப்பி
குமிழி ஒன்றும் நில்லாமல் மூடவேண்டும்.
கள்ளம் செய்ய இடமில்லாத வேலை.

அளவெட்டியில் முதலாவது.
கரை முழுக்கப் பற்றை, ஒற்றைக் கொக்கு.
செம்மண் கரைந்து தேத்தண்ணி நிறம்;
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
இரண்டாவது வயலுக்குள்ளால் வந்தது,
நெல் தன் பங்கைக் குடித்துவிட்டு
மிச்சத்தை விட்டிருந்தது.

மூன்றாவது மதகில்
சேர்விஸ் ஸ்ரேசன் வாய்க்கால் வந்து விழும்.
தண்ணீருக்கு மேல் வானவில்.
"வடிவாயிருக்கெல்லே அக்கா?" என்றான்
கார் கழுவிக்கொண்டிருந்த பெடியன்.
எழுதினேன்: எண்ணெய்ப் படலம்.

பிறகு இரு கரையும் வெங்காயம்.
வரம்பை வெட்டி வெள்ளம் வடியவிட்ட மண்
இன்னும் காயவில்லை.
நாலாவது போத்தல்தான் ஏழிலும் தெளிவு,
வெயிலுக்குப் பிடித்தால்
என் விரல்ரேகை தெரிந்தது.

ஐந்து, ஆறு சண்டிலிப்பாய்.
ஏழாவது அராலி அணை, நாக்கில் வைத்தாலே உப்பு.
எட்டாவது உடைந்தால் மாற்ற;
உடையவில்லை.

அந்தத் தெளிவைத்தான்
கருவி இரண்டாந்தரமும் வாசித்தது.
நைத்திரேற்று, முதலாவதைப்போல் ஆறு மடங்கு.
சிவகடாட்சம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மூண்டுக்கும் நாலுக்கும் இடையில
ஆற்றை தோட்டம் பிள்ளை?"

பரஞ்சோதியின்ர.
பரஞ்சோதி என் மனிசன்.
அவர் நாளைக்கு எறிவம் என்றுதான் நின்றவர்.
வானொலியில் மழை என்று கேட்டுவிட்டு
"இண்டைக்கே எறியுங்கோ, கரைஞ்சு வேருக்கு இறங்கும்"
என்று யூரியா உரப்பையைப் பிரித்துக் கொடுத்தது
இந்தக் கை.

இறங்கித்தான் இருக்கிறது.

படிவத்தில் ஒரு நிரல்:
அயல் நிலப் பயன்பாடு.
வெங்காயம் என்று எழுதி,
எத்தனை பரப்பு என்றும் எழுதி,
பெயருக்கு விட்ட இடத்தில் கொஞ்சம் நின்று
அதையும் எழுதினேன்.

பின்னேரம் வீடு.
வெங்காயத் தறையிலிருந்து முப்பது அடி, எங்கள் கிணறு.
நடுவில் சுண்ணாம்புக்கல்;
சுண்ணாம்புக்கல்லுக்குக் கதவு இல்லை.
பள்ளிக்கூடத்தால் வந்த மகள்
சப்பாத்தும் கழற்றாமல் "அம்மா, தண்ணி" என்றாள்.
பொறு என்றேன்.
வாளியை இழுத்து
எட்டாவது போத்தலை அலசத் தொடங்கினேன்.
ஒரு தரம்.
இரண்டு தரம்.