மே மாதத்து மூக்கு

ஹாயென் மலைச்சரிவெங்கும் ஆலிவ் பூத்திருக்கிறது.
ஊருக்கே சோறு போடும் மரம்
காசில்தாவிடம் மட்டும் கணக்குத் தீர்க்கிறது.

கூட்டுறவு ஆலையில் எண்ணெய் ருசிப்பவள்.
நீலக் கண்ணாடிக் கிண்ணத்தை உள்ளங்கையில் சூடேற்றி
முகர்ந்தே சொல்வாள்:
இது தக்காளித் தண்டு, இது வாழைக்காய்த் தோல்,
இது மூட்டையில் மூன்று நாள் புழுங்கிய காய்.
அந்த மூக்குக்குத்தான் சம்பளம்.

மூக்கும் முழியுமாய் இருந்தவள்தான்.
பதினோரு நாளாய் முழி சிவந்து, மூக்கு வடிந்து
லட்சணம் ஊரைவிட்டே போயிருந்தது.
நெற்றிக்குள் யாரோ
ஈர மணல் மூட்டையை இறக்கிவிட்டுப் போனார்கள்.
மாத்திரை, தூக்கத்தை மட்டும் தந்தது.
இன்று மூன்று கிண்ணத்துக்கும்
‘குறையில்லை’ என்று பொய் எழுதினாள்.

இரவு இரண்டு மணி. சன்னலிடுக்கில் ஈரத்துணி.
காய்ச்சி ஆறவைத்த நீரில் உப்பைக் கரைத்து
தொட்டிமேல் தலை சாய்த்து
வலது துளையில் ஊற்றுகிறாள்.
வழியில்லை. தொண்டைக்குள் கடல்.
இருமல். ஒரு கெட்ட வார்த்தை. மறுபடியும்.

பொட்டென்று
எங்கோ ஒரு மதகு திறக்க
இடது பக்கமாய் ஒழுகுகிறது.
பின்னாலேயே காற்று வருகிறது,
வாடகை பாக்கி வைத்தவன்போலத்
தயங்கித் தயங்கி.

ஒரு துளைதான். போதும்.
முதலில் சாக்கடை நாற்றம்.
அப்புறம், கதவோரம் தாமியான் கழற்றிப்போட்ட காலுறை.
குனிந்து, கண்மூடி, நிதானமாய் இழுக்கிறாள்:
புளிப்பு இருக்கிறது. காரம் இல்லை.
ஈரத்தில் கிடந்த காய்.

காலையில் போய்
அந்த மூன்று கிண்ணத்தையும் திரும்பக் கேட்கவேண்டும்.