மூன்றரைப் பேர்

மாரெக் விழித்திருந்தால் நாங்கள் நான்கு பேர்.
போன மாதம் அவனுக்குக் குழந்தை பிறந்தது,
ஆகவே மூன்றரை.

உலகத்தில் எத்தனை பெட்டிகளில் இது ஓடுகிறதென்று
யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரிந்து ஒன்று
தெலுக் கும்பாரில், இறால் எடை போடும் கொட்டகையில்.
மூடியில் உப்புப் பூத்திருக்கும்.
பதினொரு வருஷமாகச் சியூ அதை அணைத்ததில்லை.
அணைத்தால் எழும்புமோ என்னவோ என்பார் மலாயில்.
எழும்பும்.
எழும்பத்தானே நான்
ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன்.

பகலில் பாயான் லெப்பாஸில் சில்லுகளைச் சோதிக்கிறேன்,
சம்பளத்துக்கு.
இரவில் ஜெலுத்தோங், ஒன்பதாம் மாடி,
மின்விசிறி மூன்றில்.
என்னடி செய்கிறாய் என்று அக்கா கேட்பாள்.
இயங்குதளம் என்பேன்.
அது விண்டோஸ்தானே என்பாள்.
இல்லை என்று ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும்.

கோப்புகளை அடுக்கும் பகுதியை எழுதியவர் ஹெண்ட்ரிக்.
நாலாயிரத்து இருநூறு வரி.
நடுவில் ஒரு குறிப்பு:
இங்கே ஏன் ஒன்றைக் கழிக்கிறேன் என்று
பிறகு விளக்குகிறேன்.
ஆறு வருஷமாகிறது.
இறந்தாரா, சலித்தாரா, தெரியாது.
கழிக்காமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம்.
ஒரே ஒருமுறை.

ஆயர் ஈத்தாமில், மாமாக் கடையில்,
ஹூய் சான் தே ஓ ஐஸைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்:
புதிதாக எதைச் சேர்க்கலாம் என்று
பெரிய கம்பெனிக்காரன் யோசிப்பான்.
நாம் எதை இறக்கலாம் என்று யோசிப்போம்.
ரசீதின் பின்புறம் எழுத ஆரம்பித்தாள்.
நெகிழ்தட்டு. ஊசி அச்சுப்பொறி.
யாரிடமும் இல்லாத திரைகள் ஏழு.
அப்புறம் கொஞ்சம் தயங்கி
அந்த ஒலி அட்டை.

அதன் இயக்கி நான் எழுதியது.
பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் விடுதி.
விடியற்காலை நாலே காலுக்கு
அது முதன்முதலாக டிங் என்றது.
பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள்.
நானும் பதிலுக்குத் தட்டினேன்,
சந்தோஷத்தில்.

இன்றைக்கு அந்த அட்டை எங்கே கிடைக்கும்?
என் அலமாரியில், காலுறைகளுக்கு அடியில்.
யாருக்கு வேண்டும்?
அந்த அலமாரிக்கு.

வெள்ளி இரவு அழித்தேன்.
தொள்ளாயிரத்துப் பதினாறு வரி.
உறுதியா என்று கேட்டது.
நான்தான் அப்படிக் கேட்க வைத்திருந்தேன்.

ஏழு நிமிஷத்தில் கட்டி முடித்தது
ஐந்தரையில் முடித்தது.
மிச்சமான ஒன்றரை நிமிஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
ஜன்னலுக்கு வெளியே பாலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சியூ புதுத் தராசு வாங்கிவிட்டார்.
பழைய பெட்டிக்கு அதன் பாஷை தெரியாது.
சனிக்கிழமை காலை, சட்டைப்பையில் விரற்கடை அளவு விரலியோடு போனேன்.
இறால் கூடைகள் வரிசையாக நின்றன,
அடியில் ஐஸ் உருகி ஓடியது.
விசையை அழுத்தச் சொன்னேன்.
நீயே அழுத்து என்றார்.

பதினொரு வருஷத்து இரைச்சல் நின்றது.
கொட்டகையில் அவ்வளவு ஈக்கள் இருந்தது
அப்போதுதான் கேட்டது.

நாற்பது விநாடி.
திரை கறுப்பாகவே.
ஹெண்ட்ரிக், நீ கழித்த அந்த ஒன்று
இங்கேதானா?

பிறகு, இடது மூலையில், பச்சையில்
0.00

சியூ ஒரு கூடையைத் தூக்கி வைத்தார்.
18.40
ஒன்றும் சொல்லவில்லை.
காதிலிருந்து பென்சிலை எடுத்து
நோட்டிலும் எழுதிக்கொண்டார்,
எதற்கும் இருக்கட்டுமென்று.

நானாக இருந்தாலும் எழுதியிருப்பேன்.